செலவில்லாமல் வரையாடு பார்க்க வந்தவர்கள்

கோடை வந்துவிட்டால் மாதத்துக்கு நான்கைந்து பேராவது எனக்குப் போன் செய்து, வரையாடு பார்க்கிற பார்க்குக்குக் குறைந்த செலவில் வந்துபோக வழி கேட்கிறார்கள். பள்ளியில் என்னோடு படித்து, பிறகு பத்து வருடம் என் நினைவே இல்லாமல் இருந்தவள் கேட்கிறாள். அவள் கணவனோடு வேலை பார்க்கும் யாரோ ஒருவர் கேட்கிறார். நான் மூணாறில் இருக்கிறேன், பார்க்கில் கைடாக வேலை செய்கிறேன் என்பதெல்லாம் இவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் மட்டும்தான் ஞாபகம் வரும். மழைக்காலத்தில் எங்கள் ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

வழி சொல்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. சனி, ஞாயிறு வராதீர்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாக மூணாறுக்குப் பஸ் இருக்கிறது, பார்க் வாசலிலேயே இறங்கலாம். நாலு பேருக்கு இரண்டு கார் எடுத்து வந்து, அதை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, மூணாறில் ஒரே டிராஃபிக் என்று புலம்ப வேண்டாம். டிக்கெட்டை முதல் நாளே போனில் எடுத்துவிடுங்கள். காலை முதல் வண்டியில் மேலே போய்விடுங்கள். பனி ஏறிவிட்டால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது, அதற்காக யாரும் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். ஆடு குட்டி போடும் மாதங்களில் பார்க்கை மூடிவிடுவோம். அப்போது ஓட்டல் வாடகை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷமாக ரூம் போட்டுவிட்டு, பூட்டிய வாசலில் நின்று என்னைத் திட்டாதீர்கள். சாப்பாடு கொண்டு வந்தால் கீழேயே சாப்பிட்டுவிடுங்கள். ஸ்வெட்டர் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். வாசலில் விற்கும் குல்லா நீங்கள் மலையிறங்குவதற்குள் நூல் பிரிந்துவிடும்.

இவ்வளவுதான். இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்கள். பிறகு, "அதெல்லாம் சரி, நீதான் உள்ளேயே இருக்கியே?" என்பார்கள். இத்தனை நேரம் சுற்றி வளைத்தது அதற்குத்தான்.

இந்தக் கூட்டத்தில் முதல் பரிசு கொடுப்பதென்றால், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒன்பது பேருக்குத்தான் கொடுப்பேன். அவர்கள் மூன்று வருடத்துக்கு முன்பு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்.

பாலக்காட்டின் கிழக்கே, சித்தூர் தாலூகாவில், தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் முப்பத்தைந்து தாண்டிய மாப்பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பெண்கள் படித்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் மாட்டுத்தொழுவம் இருக்கிறது என்று தெரிந்தாலே ஜாதகத்தை மூடிவிடுகிறார்கள். அதனால் தரகர்கள் மலையேறி எங்கள் எஸ்டேட்டுகளுக்கு வர ஆரம்பித்தார்கள். எஸ்டேட் பெண் என்றால் நகை கேட்க மாட்டாள், எதிர்த்துப் பேச மாட்டாள், நன்றாக வேலை செய்வாள் என்று கீழே சொல்வார்கள். மேலே வந்து எங்களிடம், தோப்பு, கிணறு, டிராக்டர், பெண் ராணி மாதிரி இருப்பாள் என்பார்கள். இரண்டு பொய்யையும் ஒரே வாயால் சொல்லி இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதற்கும் ஒரு திறமை வேண்டும், அதை மறுக்கவில்லை.

அப்படி ஒரு தரகரை எங்கள் வீட்டுக்குள் விட்டதற்குக் காரணம் இருந்தது. அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்து என்னை வளர்த்தாள். நாங்கள் இருந்தது எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு, வரிசையாக எட்டு வீடுகளில் ஒன்று. வீட்டில் யாராவது ஒருத்தர் எஸ்டேட்டில் வேலை செய்யும்வரைதான் அந்த வீட்டில் இருக்கலாம். அம்மாவுக்கு அந்த வருடம் ஆகஸ்டில் ரிட்டயர்மெண்ட். வீட்டுச் சாவியைக் கொடுத்தால்தான் சர்வீஸ் பணம் வரும். நான் அம்மாவின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வீடு தங்கும். ஆனால் கொழுந்துக் கூடையை நீ தொடக்கூடாது என்று சொல்லி என்னைக் காலேஜுக்கு அனுப்பியவளே அம்மாதான். பார்க்கில் எனக்குக் கிடைத்திருந்தது தற்காலிக வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் டவுனில் ரூம் எடுத்தால், மாதக் கடைசியில் சோற்றைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

தரகர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். "ஏனுங்க, நீங்க எதுக்குங்க ரோசனை பண்றீங்க? பொண்ணோட நீங்களும் வந்துருங்க. தோட்டத்துச் சாளைல ஒரு ரூம்பு சும்மாதானுங்க கெடக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டை அவர்கள் சாளை என்பார்கள். நான் மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்த நேரத்தைவிட அந்த ரூமைப் பற்றி நினைத்த நேரம்தான் அதிகம். முப்பத்துநாலு வருடம் குளிரிலும் அட்டைக்கடியிலும் நின்றவளுக்கு, வெயில் அடிக்கிற ஊரில், யாரும் சாவி கேட்காத ஒரு ரூம். அதற்காக அந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவே செய்திருந்தேன்.

அவர்கள் வருவதாகத் தரகர் சொன்ன நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அன்று டியூட்டி, கூட்டம் அலைமோதும், வேறு நாள் வரச் சொல்லுங்கள் என்றேன்.

"அப்ப இன்னும் சௌரியமுங்க அம்முணி. உங்களை அங்கயே பாத்துக்குவாங்க. பொண்ணைப் பாத்தாப்பலயும் ஆச்சு, அந்த ஆட்டைப் பாத்தாப்பலயும் ஆச்சு. ஒரே வண்டி வாடகை பாருங்க" என்றார்.

அதாவது, ஆட்டுக்கு ஆகிற செலவிலேயே பெண்ணையும் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. அம்மா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வந்தவர்கள் தரகரோடு சேர்த்து ஒன்பது பேர். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, ஓர் அத்தை. மற்ற நாலு பேர் எதற்கு வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேனில் இடம் இருந்திருக்கிறது, ஏறியிருக்கிறார்கள். வரும் வழியில் மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்று விடாமல் நிறுத்தி, சூடாக ஒரு கட்டி வாங்கி வாயில் போட்டுப் பார்த்து, பிறகு வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். இதை அந்த அத்தை என்னிடம் பெருமையாகவே சொன்னாள். "நாலு எடத்துல தின்னம் கண்ணு, வவுறே நெறஞ்சுருச்சு." நிறைந்த வயிற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா முந்தின நாளே மாவாட்டி வைத்திருந்த இட்லியையும் காலி செய்துவிட்டுத்தான் பார்க்குக்கு வந்தார்கள். பக்கத்து இரண்டு வீட்டில் தட்டு கடன் வாங்கியிருந்தாள் அம்மா.

பார்க் வாசலுக்கு வந்ததும் தரகர் போன் செய்தார். நான் மேலிருந்து இறங்கி வந்தேன். டிக்கெட் எடுக்கவில்லை. முன்கூட்டியே எடுங்கள் என்று நான் மூன்று முறை சொல்லியிருந்தேன்.

"நம்ம பொண்ணு உள்ள இருக்கறப்ப டிக்கெட்டு எதுக்குங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மேல் பையில் இரண்டு பேனா. எழுதுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டுச்சந்தையில் பேரம் பேசுகிறவர்.

வரிசையில் நின்று ஒன்பது டிக்கெட்டை நானே எடுத்தேன். அந்த வாரம் நான் சம்பாதித்தது அதில் போயிற்று. வாங்கிக்கொண்டவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆட்டைப் பாக்கறதுக்கு இத்தனை காசா? எங்க தோட்டத்துல பதினெட்டு நிக்குது, ஒரு பய காசு குடுக்கறதில்லை" என்றார். அவர் தோட்டத்து ஆட்டைப் பார்க்க யாராவது ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்க நாக்கு துடித்தது. ரூமை நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு எடுத்து வந்திருந்தால் வேனில் வைத்துவிடுங்கள் என்றேன். எல்லோரும் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்கள். பார்க் பஸ்ஸில் ஏற்றி மேலே கூட்டிப் போனேன். இறங்கினால் மலைச்சரிவை ஒட்டி ஒரு நடைபாதை, அதில்தான் எல்லோரும் நடக்க வேண்டும். குட்டிகள் பிறந்து, பார்க் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தாய் ஆடுகள் குட்டிகளோடு பாதையின் ஓரம்வரை வந்து நிற்கும். இத்தனை வருடம் யாரும் அடிக்காததால் அவற்றுக்கு மனிதரிடம் பயமில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்குத்தான் எனக்குக் காக்கி ஜாக்கெட்டும் விசிலும் கொடுத்திருந்தார்கள்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அப்பாவுக்கு மூன்றடி பின்னால், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். முப்பத்தேழு வயது. அன்று என்னிடம் அவராக வந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஏனுங்க, இங்க நெட்டு கெடைக்குங்களா?"

கிடைக்காது என்றேன். போனை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பாதையின் இரண்டாவது வளைவில் ஒரு தாய் ஆடு சுவரோரம் நின்றிருந்தது. குட்டி ஒரு பாறை மேல். நான் முன்னால் போன ஒரு கூட்டத்தை ஓரமாக நகரச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, மாப்பிள்ளையின் அப்பா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஆட்டின் மூக்குக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையில் உப்பு. மாங்காய்த் துண்டுக்குத் தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டு வந்த உப்பு. மலை ஆட்டுக்கு உப்பென்றால் உயிர். அது நக்க ஆரம்பித்தது. நான் விசிலை வாயில் வைப்பதற்குள் அவர் இடது கையால் கொம்பைப் பிடித்து, வலது கையால் தாடையை அழுத்தி, அதன் வாயைத் திறந்துவிட்டார்.

பல் பார்த்தார். சந்தையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள் இல்லையா, அதை. இந்த மலையில் ஆடு பார்க்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து போகிறார்கள், போட்டோ எடுக்கிறேன் என்று செய்யாத கோமாளித்தனம் இல்லை. பல் பார்த்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நாலு பல்லுங்க. ரெண்டாவது ஈத்தா இருக்கும்" என்று, இது அதற்கு எத்தனையாவது பிரசவம் என்பதையும் சேர்த்து, அவர் திரும்பிக் கூட்டத்துக்கு அறிவித்தார்.

ஆடு தலையை ஒரு உதறு உதறியது. கொம்பு அவர் முழங்கையைக் கிழித்தது. அவர் பின்னால் சாய, அவருக்குப் பின்னால் நின்ற அத்தை சரிய, அவள் சால்வைக்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி உருண்டு விழுந்து மூடி திறந்தது. ஒன்பது பேருக்கான புளிச்சோறு பாதை முழுக்கக் கொட்டியது. தாய் ஆடு பாறையேறி ஓடிவிட்டது. குட்டி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்று கத்தியது.

குட்டியின் பக்கம் யாரும் போகாமல் நான் கையை விரித்து நின்றேன். தாய் திரும்பி வந்து அதைக் கூட்டிப்போகக் கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு மண்டியிட்டுச் சோற்றைப் பொறுக்கினேன். ஒரு பருக்கை விட்டாலும் ஆடு தின்னும், தின்று பழகினால் பிறகு புல்லை விட்டு மனிதரின் பைக்கு வரும். ஒன்பது பேரில் ஒருத்தரும் குனியவில்லை. தலைக்கு மேல் மாப்பிள்ளையின் அம்மா அத்தையிடம் சொல்வது கேட்டது.

"நல்லாக் குனிஞ்சு வேலை செய்யறா. இடுப்புல ஒண்ணும் கோளாறில்லை."

பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். காதெல்லாம் எரிந்தது எனக்கு. அந்தப் பொம்பளை முகத்தில் சோற்றை அள்ளி வீச வேண்டும் என்று இருந்தது. வீசவில்லை. கவரில் போட்டுக் கட்டினேன்.

மிருகத்தைத் தொட்டால் ஆளைக் கீழே ஆபீஸில் ஒப்படைத்து, நடந்ததைப் பார்த்த கைடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பேர் மகசர். அபராதமும் உண்டு. நான் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்ததும் தரகர் ஓடி வந்தார்.

"அம்முணி, என்னங்க இது? உங்க மாமனாருங்க அவரு."

"இன்னும் ஆகலை" என்றேன்.

மாப்பிள்ளை போனை இறக்கினார். "அப்பா பண்டத்தைக் கண்டாப் பல்லுப் பாப்பாருங்க. பழக்கமுங்க. போச்சாது உடுங்க" என்றார். ஆடு மாட்டை அவர்கள் பண்டம் என்பார்கள். அன்று அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

அப்பா எழுந்து துண்டை முழங்கையில் சுற்றிக்கொண்டார். அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. "எழுது அம்முணி, எழுது. எழுதிப்போட்டு உங்கம்மாளுக்கு வேற எங்காச்சும் எடம் பாத்துக்க. சாளைல ரூம்பும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார்.

உடனே எழுதிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இங்கே எழுதினால் அம்மாவுக்கு ஆகஸ்டில் போக இடமில்லை. எழுதாவிட்டால், சுற்றிலும் இருபது போன் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது, அதில் ஒன்று ஆபீஸர் கண்ணில் பட்டால் என் வேலை அதோடு சரி. எழுத வைத்தது பாதி அந்தப் போன்கள், பாதி ஆத்திரம். வீரம் என்று ஒன்றும் இல்லை. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், காவலரை வரச் சொல்லி, மாப்பிள்ளையின் அப்பாவை பஸ்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பினேன்.

மிச்ச எட்டுப் பேர் அங்கேயே நின்றார்கள். அவர்களும் கூடப் போவார்கள் என்று நினைத்தேன். அத்தை என் பக்கத்தில் வந்து, "ஏங்கண்ணு, நாங்க மேல போயி மிச்சத்தைப் பாத்துட்டு வந்தரட்டுமா? டிக்கெட்டு வீணாப் போவுதல்ல?" என்றாள். மாப்பிள்ளை உட்பட எட்டுப் பேரும் மேலே போய்ப் பாதை முடிகிற இடம்வரை பார்த்துவிட்டு, வரிசையாக நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கினார்கள். அவர்களைப் பற்றி என்னிடம் இதற்கு மேல் வார்த்தை இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தரகர் போன் செய்து, சம்பந்தம் சரிவராது என்று மட்டும் சொல்லி வைத்தார்.

டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் நிற்கவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து, கடன் வாங்கிய தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, பல், நோட்டு, அவர் ரூமைப் பற்றிச் சொன்னது, தரகரின் போன். கடைசியில், "டவுன்ல ரூம் எடுத்துக்கலாம்மா. எப்படியாச்சும் பாத்துக்கலாம்" என்றேன்.

அம்மா நிமிரவில்லை. கையிலிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்பம் நாளையிலேர்ந்து நான் மாட்டுக்குப் போவாண்டாம்லா?" என்றாள்.

"எந்த மாட்டுக்கு?"

கீழ் லயத்தில் ஒரு வீட்டில் கறவை மாடு வைத்திருந்தார்கள். ஒரு மாதமாக அம்மா விடிகாலையில் அங்கே போய்க்கொண்டிருந்தாளாம். என்னிடம் கால் வலிக்கு நடந்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா போனில், சாளையை ஒட்டி நாலு கறவை நிற்கிறது, ஆள் கிடைப்பதில்லை, உங்களுக்குக் கறக்கத் தெரியும்தானே என்று கேட்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்து மாட்டின் மடியைத் தொட்டிராத என் அம்மா, தெரியும் என்று சொல்லிவிட்டிருக்கிறாள்.

"தெரியாதுன்னா வேண்டாம்னுருவாகல்லா. அதான் படிச்சுக்கிடலாம்னு போனேன். அந்தச் சனியன் பிடிச்ச மாடு எத்தி எத்தித் தள்ளுது, ஏட்டி" என்று சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் காட்டினாள். கெண்டைக்கால் நெடுக நீலமும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. சில காயங்கள் பழசு. ஒன்று அன்று காலையில் பட்டது. அந்தக் காலோடுதான் ஒன்பது பேருக்கு இட்லி பரிமாறியிருக்கிறாள்.

காலையிலிருந்து அத்தனை பேரையும் மனதுக்குள் கேவலமாகப் பேசிக்கொண்டே வந்தவள் நான். அந்த ரூம் சும்மா கிடைக்கிறது என்று நானும்தான் நம்பியிருந்தேன். அவர்கள் ஏன் கொடுக்கிறார்கள், அம்மா அங்கே என்ன செய்வாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் நொண்டுவதைக்கூடப் பார்க்கவில்லை. என் மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

தைலம் எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் வைத்துத் தேய்த்தேன்.

"பால் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன், எதையாவது கேட்க வேண்டும் என்று.

"நேத்துதான் மொதமொதல்ல வந்துச்சு. கால் டம்ளர் இருக்கும்" என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, பரீட்சையில் பாஸான மாதிரி. நான் தலையைத் தூக்காமல் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.